நிமிர்ந்தபடி ஒரு தூக்கம்

கீழ்பென்னாத்தூர்
26.10.2025

அன்புள்ள தீக்ஷா கண்ணுக்கு,

அப்பா ஆசையோட எழுதறது. உங்க ஹாஸ்டல்ல போன் கூடாதுன்னதால ரொம்ப வருஷத்துக்கப்புறம் பேனா பிடிச்சிருக்கேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காத.

தீபாவளி காலையில நம்ம ஜினாலயத்துல பூஜை முடிஞ்சதும் நீ தீர்த்தங்கரர் பகவானுக்கு நேரா உட்கார்ந்தியே, ஊரே இன்னும் அதைத்தான் பேசுது. முதுகு வளையல, தலை சாயல. மணி அடிச்சாங்க, சின்னப் பசங்க சுத்தி ஓடினாங்க, உன் இமைகூட ஆடல. த்ரிசலா அத்தை உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டு, "உள்ள ஒரு சிலை, எதிர்ல ஒரு சிலை"ன்னாங்க. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. பதினொண்ணாவது படிக்கிற பொண்ணுக்கு இப்படி ஒரு தியானமா.

அந்த மிதப்புலதான், ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஸ்பெஷல் கிளாஸ், சேர்க்கட்டுமான்னு உங்க ஸ்கூல்ல கேட்டப்ப உடனே சரின்னுட்டேன். பத்தாம் தேதி ஆரம்பமாம். நீ உட்கார்ந்தா அசையாதவ, உனக்கென்ன.

மல்லாட்டை இந்த வருஷம் ஜாஸ்தி. அம்மா கடலையை வறுத்து அனுப்பியிருக்கா. நம்ம வழக்கப்படி பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடு.

உன் பெருமையில இருக்கிற
அப்பா ஜினசேனன்

*

திருவண்ணாமலை
1.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மல்லாட்டை வந்துச்சு. ரூம்ல எல்லாரும் பிடுங்கித் தின்னுட்டாளுங்க.

அப்பா, கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு நான் தியானம் பண்ணல. தூங்கினேன்.

இங்க விடியறதுக்கு முன்னாடியே எழுப்பிடறாங்க, படுக்க பன்னெண்டு ஆகுது. ஸ்டடி ஹால்ல தலை சாஞ்சா வார்டன் முகத்துல தண்ணி அடிப்பாங்க, அப்புறம் நின்னுக்கிட்டே படிக்கணும். அதனால நாங்க எல்லாரும் நிமிர்ந்தபடியே தூங்கப் பழகிட்டோம். கழுத்து தானா நிக்கும். பக்கத்து சீட்டு அன்புச்செல்வி தூக்கத்துலயே புக்கைத் திருப்புவா.

நம்ம கோயில்ல தரை ஜில்லுனு இருந்துச்சு. அங்க யாரும் எழுப்பமாட்டாங்கன்னு தோணுச்சு, அவ்ளோதான். மணிச் சத்தமே காதுல விழல. கண்ணைத் திறந்தா அத்தை கும்பிட்டுக்கிட்டு நிக்கறாங்க. அப்ப எப்படிச் சொல்றது.

போன வாரம் பரீட்சைத் தாள்ல என் பேரையே பாதி எழுதிட்டு விட்டுட்டேன். ஒரு மணி வரைக்கும் என்னால முடியாதுப்பா. பயமா இருக்கு.

உங்க
தீக்ஷா

*

கீழ்பென்னாத்தூர்
5.11.2025

தீக்ஷா கண்ணு,

லெட்டரைப் படிச்ச உடனே உன்னைப் பார்க்கக் கிளம்பிட்டேன். இன்னைக்குப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம், பஸ்ல கால் வைக்க இடமில்ல. ஏற முடியாம வீட்டுக்குத் திரும்பி வந்து ஸ்கூலுக்குப் போன் பண்ணி ஸ்பெஷல் கிளாஸ் வேணாம்னுட்டேன்.

அப்புறம் கோயிலுக்குப் போய் நீ உட்கார்ந்த இடத்துல உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்துல அசந்துட்டேன், தலை தொங்கிப்போச்சு. தூக்கம் வந்தா சாயறதுதான் உடம்பு. சாயாம இருக்க உன் கழுத்து என்னெல்லாம் பட்டிருக்கும். அதைப் போய் நாங்க கும்பிட்டிருக்கோம். ஆனா ஒண்ணு, பிரமிப்பு எனக்கு இன்னும் போகல. அத்தனை சத்தத்துக்கு நடுவுல என் குழந்தைக்கு பகவான் எதிர்ல தூங்க இடம் கிடைச்சிருக்கே.

அத்தைகிட்ட சொல்லிட்டேன், கோவிச்சுக்காத. அவங்க, "அந்த மணியை நிறுத்தியிருக்கலாம்"ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை வர்றேன், பெட்டி கட்டி வை. இனிமே வீட்ல இருந்தே ஸ்கூலுக்குப் போய்க்கலாம். மார்க் கம்மியானா ஆகட்டும். வர்ற வழியில பஸ்ல என் தோள்ல சாஞ்சு தூங்கு. தலை எவ்வளவு வேணா தொங்கட்டும்.

அப்பா