செத்துப்போகாத டாக்டரைக் கும்பிட்ட கைகள்

ஜூன் 29, 2024, சனி

சாலைக் கடைத்தெருவின் கயிறு, வாளி, துடைப்ப சாம்ராஜ்யத்துக்கு ஏகச் சக்கரவர்த்தியாகிய நயினார் என்னும் நான், கடையில் தொங்கும் அத்தனை கயிறுகளின் மேலும் ஆணையிட்டு எழுதுகிறேன்: இன்றுமுதல் இதில் வரப்போவதை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நம்பாமல் போகட்டும்.

வேலாயுதன் டாக்டர் போய்விட்டார்.

காலையில் ஆஸ்பத்திரியின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. எங்களைப் போன்ற சர்க்கரைக்காரர்களையெல்லாம் கோர்த்து 'சுகர் குடும்பம்' என்று ஒன்று நடத்துகிறார்களே, அதில். நடுவில் டாக்டர் படம். சுற்றிலும் பொன் கரை. கீழே வெள்ளைப் பூ. பூவுக்கு அடியில் மலையாளத்தில் நாலு வரி. நான் மலையாளம் பேசினால் கிழக்கேகோட்டையில் ஓடுகிற பஸ் நிற்கும். வாசிக்கத்தான் வராது. சாலைக் கடைத்தெருத் தமிழர்களில் பாதிப் பேருக்கு வராது. இதில் வாசிக்க என்ன இருக்கிறது? இந்த ஊரில் ஒரு மனுஷன் படத்துக்குக் கரை கட்டிப் பூ வைத்தால் அர்த்தம் ஒன்றுதான். கரண்ட் கம்பத்துக்குக் கம்பம் பார்க்கிறோமே.

கும்பிடும் கை ஒன்று போட்டேன். எனக்குப் பின்னால் நானூறு கைகள் கும்பிட்டன. பக்கத்து மசாலாக் கடை ஜெபசிங், "மாரடைப்பாம் அண்ணாச்சி" என்றார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. பாதி ஷட்டரை இறக்கினேன்.

வடிவுக்கும் போன் போட்டேன். வடிவம்மாள் என் அத்தை மகள், பொன்முடி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். வலது பாதத்தில் ஆறாத சர்க்கரைப் புண். செவ்வாய் தோறும் மலையிறங்கி வந்து அந்த மனுஷன் கையால்தான் கட்டுப் போட்டுக்கொள்வாள். பலமுறை அறுந்து அறுந்து கடைசியில் சிக்னல் கிடைத்தது. சொன்னேன்.

"அப்ப இனி எதுக்கு அத்தான் நான் கீழ வரணும்?"

ஜூலை 2, செவ்வாய்

வடிவு வரவில்லை. பேய் மழை. வாளி நன்றாக விற்றது.

ஜூலை 4, வியாழன்

செத்தவர் மசால்தோசை தின்றுகொண்டிருந்தார்.

கிழக்கேகோட்டை ஓட்டலில், வாசலைப் பார்த்த மேஜையில், சட்னியில் தொட்டுத் தொட்டு. நான் போட்ட கூச்சலில் கோயில் கோபுரத்துப் புறா எல்லாம் கோவளம் வரை பறந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்து, சாலைக்காரர்களுக்குத் தன்னோடு என்ன பிணக்கம் என்று கேட்டார். செவ்வாயில் இனி ஆபரேஷனாம். அதனால் கால் புண் பார்ப்பதை வியாழனுக்கு மாற்றியிருக்கிறார். அதைச் சொல்லத்தான் அந்தப் படம்; மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்களும் பூவைப் பார்த்ததோடு நின்றுவிட்டார்கள். இத்தனை கைகள் கும்பிட்டதால் எல்லாருக்கும் விஷயம் மனசிலாயிற்று என்று ஆஸ்பத்திரி சந்தோஷப்பட்டிருக்கிறது. இன்றுதான் முதல் வியாழன். காலையிலிருந்து காலி நாற்காலிகளைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டுத் தோசை தின்ன வந்திருக்கிறார்.

பூ எதற்கு என்று கேட்டேன். அழகுக்காம்.

வடிவு போன் எடுக்கவில்லை. கடவுளே.

ஜூலை 5, வெள்ளி

பொன்முடி போனேன். கொண்டை ஊசி வளைவுகள் இருபது சொச்சம் என்கிறார்கள். பொய். இன்று ஆயிரம் இருந்தன.

லயத்தில், எஸ்டேட் கொடுத்த வரிசை வீட்டு வாசல்படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதத்தைச் சுற்றி பிளாஸ்டிக் கவர். உள்ளே மஞ்சளும் காப்பித்தூளும். கவரை அவிழ்த்ததும் வந்த நாற்றத்தை எழுதமாட்டேன். சிறுவிரல் கறுத்திருந்தது. டாக்டர் உயிரோடு இருக்கிறார் என்றேன். என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்கதான சொன்னிய."

நான்தான் சொன்னேன்.

ஜீப்பில் ஏற்றும்போது மெதுவாகச் சொன்னாள்: "காலு போச்சுன்னா வேலை போவும். வேலை போனா லயத்து வீடும் போவும் அத்தான்." வாய்க்கு ஆயிரம் பொய் வரும் எனக்கு. அன்று பொய்யை விட்டுவிட்டு அவள் பாதத்தை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஜூலை 6, சனி

விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்புமா என்று கேட்டேன். "நோக்கட்டே" என்றார் டாக்டர். பார்ப்போம் என்று அர்த்தம். இவ்வளவு சின்ன வார்த்தைக்கு இவ்வளவு கனமா?

ஆஸ்பத்திரியின் ஃபேஸ்புக் பக்கத்துக்குப் போனேன். அங்கே டாக்டர்கள் கேக் வெட்டுகிறார்கள், நர்சுகள் கும்மி அடிக்கிறார்கள், சைக்கிள் ஊர்வலம் விடுகிறார்கள். ஜனங்களோடு கைகோர்க்கிறார்களாம். கீழே தமிழில் எழுதினேன். மகாபாரதம் நீளம். பூவைக் கேட்டேன், பொன் கரையைக் கேட்டேன், வடிவின் விரலைக் கேட்டேன். வாசித்தால் கல்லும் எழுந்து ஓடும்.

ஓடவில்லை. பதில் வந்தது: கும்பிடும் கை. பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

இனி இந்த நயினார் போனில் கை கூப்பமாட்டான். இது சபதம்.

ஜூலை 8, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் படையெடுத்துப் போனேன். படை என்றால் நானும் என் குடையும்.

அந்தப் பக்கத்தையும் குரூப்பையும் நடத்துவது லிபி என்ற பெண். அவளுக்கு மேலே சிபி என்று ஓர் அதிகாரி. ஆஸ்பத்திரியின் பேரைக் காப்பது அவர் உத்தியோகம். முதலில் லிபியைப் பிடித்தேன். என் மகாபாரதத்துக்கு இதயமா பதில் என்றேன். பிள்ளை முகம் சிவந்துபோயிற்று.

"அங்கிளே, எனக்குத் தமிழ் பேசத்தான் அறியும். வீட்டுல தமிழ், ஸ்கூல்ல முழுக்க மலையாளம். நீங்க அவ்வளவு நீளத்துக்கு எழுதினதால நல்லதாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

எனக்குச் சண்டை பாதியில் நின்றுவிட்டது. வலியசாலைப் பெண்ணாம், எங்கள் சாலைக்கு அடுத்த தெரு. என் எழுத்து அவளுக்கு ஆகாது, அவள் எழுத்து எனக்கு ஆகாது. இரண்டு பேரும் கை கூப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

சிபியிடம் மிச்சச் சண்டையைப் போட்டேன். கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு கோடு காட்டினார். மலை மாதிரி ஏறிற்று. இந்த வருஷம் ஜனங்கள் மிக அதிகமாக ஏற்றுக்கொண்ட போஸ்டர் அதுதானாம். எழுத்து வேண்டாம், டாக்டர் வாயால் பேசி அனுப்பட்டும், காது எங்களுக்கெல்லாம் இருக்கிறது என்றேன். இருமலும் ஹார்ன் சத்தமுமாகக் குரல் அனுப்பினால் ஆஸ்பத்திரியின் பிராண்டு கெட்டுப்போகும் என்றார்.

"உங்க பிராண்டு மூணாவது மாடி வார்டுல படுத்திருக்கு சார். ஒரு விரல் கம்மி."

இதை வெளியில் பரப்பவேண்டாம், குரூப்பில் எதுவும் போடவேண்டாம் என்றார். ஆகட்டும் என்று தலையாட்டி, படியிறங்கி, வாசலிலேயே நின்று குரூப்பில் குரல் போட்டேன்: "சாலை நயினார் பேசுறேன். டாக்டர் சாகலை. வியாழக்கிழமை கால் பாக்கார். கை கூப்பினது போதும். காலைக் கொண்டாங்க."

கடைக்கு வந்து சேருவதற்குள் குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள்.

ஜூலை 9, செவ்வாய்

நாடு கடத்தப்பட்ட சக்கரவர்த்தியின் முதல் நாள். வாளி வாங்க வந்தவன், கயிறு கேட்டு வந்தவன், வழி கேட்டு வந்தவன், எவனையும் விடவில்லை. குரூப்பில் இருக்கிறாயா? போனை எடு. கும்பிடாதே. வாயைத் திறந்து பேசி அனுப்பு: நயினாரை ஏன் எடுத்தீர்கள்?

ஜெபசிங் தன் போனை என் காதில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்க வைத்தார். லாரி ஹார்ன், மூட்டை இறக்கும் சத்தம், ஏதோ வீட்டுக் குக்கர் விசில், அதற்கெல்லாம் நடுவில் சாலை முழுக்கக் கேள்வி. ஜெபசிங்கின் குரலும் இருந்தது. "மாரடைப்புன்னு சொன்னது நான்தான். டாக்டர் மன்னிக்கணும். ஆனா பூ வச்சது யாரு?"

இத்தனை பேரையும் தூக்கிவிட்டால் அப்புறம் அது யாருடைய குடும்பம்? தூக்கட்டும் பார்க்கலாம்.

ஜூலை 10, புதன்

வடிவுக்குக் காய்ச்சல். அவள் தூங்கும்போது போர்வைக்கு வெளியே தெரிந்த பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 11, வியாழன்

புண் பார்க்க உட்காருமுன் காலையிலேயே டாக்டர் கடைக்கு வந்துவிட்டார். பின்னால் லிபி, வீடியோ எடுக்கக் கையில் போன். சிபி சாருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அறியும். வேண்டாம்னார், அதாக்கும் ஓடி வந்தோம்" என்றாள்.

டாக்டரைக் கயிற்றுச் சுருளுக்கும் சிவப்பு வாளிக்கும் நடுவில் நிறுத்தினேன். கரை கூடாது, பாட்டு கூடாது. முல்லைச் சரம் விற்கிற அம்மா எட்டிப் பார்த்தாள். கும்பிட்டு அனுப்பினேன், நேரில் கும்பிட்டால் சபதம் உடையாது. டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஞான் செத்துப்போகலை. கால் பாக்குறது இனி செவ்வாய் இல்லா, வியாழன். புண்ணு சின்னதுன்னு வீட்டுல இருக்கண்டா. வரணும், கேட்டோ."

முடிக்கும்போது ஒரு லாரி ஹார்ன் அடித்தது. லிபி மறுபடி எடுக்கலாமா என்றாள். வேண்டாம், அது இருந்தால்தான் சாலை என்று தெரியும் என்றேன். மத்தியானத்துக்குள் பத்துக் கோடிப் பேர் பார்த்துவிட்டார்கள். சந்திரனிலும் பார்த்ததாகக் கேள்வி.

என்னையும் திரும்பச் சேர்த்துவிட்டார்கள்.

ஜூலை 13, சனி

காய்ச்சல் விட்டது. டாக்டர் இன்று "நோக்கட்டே" சொல்லவில்லை. "பாதம் நிக்கும்" என்றார்.

ஜூலை 18, வியாழன்

கால் புண் பார்க்கிற அறையில் நிற்க இடமில்லை. நாற்காலிக்குச் சண்டை. சண்டையை மூட்டியது நான்.

ஜூலை 20, சனி

சிபி சார் பெருந்தன்மையாக எனக்கு நன்றி சொல்லி என் படத்தைக் குரூப்பில் போட்டார். பொன் கரையோடு, பூவோடு. மாலை வாங்கிக்கொண்டு மூன்று பேர் கடைக்கு வந்துவிட்டார்கள். ஒருவன் எனக்குப் பாக்கி வைத்திருந்தவன். என்னைக் கண்டதும் அவனுக்குத்தான் உண்மையான துக்கம்.

உடனே குரல் போட்டேன்: "நானும் சாகலை. இந்தப் பூவை எவன்கிட்ட இருந்து பிடுங்கணும்?"

ஆகஸ்ட் 22, வியாழன்

வடிவு வந்தாள். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு நேரே கடைக்கு. அடுத்த வாரம் மறுபடி கொழுந்தெடுக்கப் போகிறாளாம். பின்வாரில்லாத செருப்பு நழுவுகிறது, மெல்லிசுக் கயிறு ஒன்று தாருங்கள் அத்தான் என்றாள். குனிந்து நானே கட்டினேன். "செத்துப்போன அத்தான் கட்டுறது இறுக்கமாத்தான் இருக்கு" என்றாள்.

மேலே எழுதியதை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். புறா கோவளம் வரை போகவில்லை. நானூறு கையை யாரும் எண்ணவில்லை. பத்துக் கோடியும் கிடையாது, சந்திரனும் கிடையாது. ஆயிரம் வளைவு... இல்லை, அதுவும் இல்லைதான்.

அவள் இரண்டு காலிலும் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தாள். அந்தச் சின்ன விஷயம் மட்டும் நடந்தது.