கஞ்சி அண்டாவில் குறையும் ஒரு கிலோ முந்நூற்று ஐம்பது கிராம் குறித்து

அனுப்புநர்:
பாத்திரம் துலக்கும் பணியாளர்
(ஓய்வு வயதை எட்டியவர், இன்னும் துலக்கிக்கொண்டிருப்பவர்),
உள்நோயாளர் சமையற்கூடம்.

பெறுநர்:
நிர்வாக அதிகாரி அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: கஞ்சி அண்டாவின் எடை குறைந்துள்ளதாகக் கூறி என்னை ஓய்வில் செல்ல விடாமல் நிறுத்தி வைத்திருப்பது – விடுவிக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. பண்டகக் காப்பாளரின் குறிப்பாணைகள் ஒன்பது. 2. சுகாதார ஆய்வாளரின் குறிப்பாணை ஒன்று. 3. மேற்படி அண்டா (கழுவுமிடத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டுள்ளது, எந்நேரமும் பார்வையிடலாம்).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இம்மருத்துவமனைச் சமையற்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாத்திரம் துலக்கி வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சும் பெரிய அலுமினிய அண்டா வந்து இறங்கியது அதே வாரம் வியாழக்கிழமை. அந்த வகையில் பணியில் நான் அதற்கு மூன்று நாள் மூத்தவள். ஓய்வு வயதை எட்டி இன்றோடு எனக்கு மூன்று மாதமும் பதினொரு நாளும் ஆகின்றன. இன்று காலையும் அந்த அண்டாவைத் துலக்கிவிட்டு, கை ஈரம் காய்ந்த பிறகே இம்மனுவை எழுத உட்கார்ந்தேன்.

2. இதற்கு முன்பிருந்த பண்டகக் காப்பாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து, எட்டிப் பார்த்து, 'அண்டா ஒன்று' என்று எழுதிக்கொண்டு போவார்கள். இப்போதுள்ளவர் ஐந்து மாதங்களுக்கு முன் பொறுப்பேற்றார். பொருள்களை எண்ணிப் பார்த்தால் போதாது, எடை போட வேண்டும் என்பது அவர் கொள்கை. மின்னணுத் தராசு ஒன்றை வரவழைத்து, கரண்டி முதல் அண்டா வரை அனைத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிறுத்தார். அண்டா வாங்கிய நாளில் பதிவேட்டில் எழுதிய எடை 14 கிலோ 200 கிராம். தராசு காட்டியது 12 கிலோ 850 கிராம். அன்று மாலையே எனக்குக் குறிப்பாணை வந்தது. 'மேற்படி அண்டாவின் 1 கிலோ 350 கிராம் தங்கள் பொறுப்பில் இருந்த காலத்தில் காணாமற்போயுள்ளது. அது தற்போது எங்கே உள்ளது என்பதை மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்' என்று அதில் கண்டிருந்தது. ஒரு தேக்கரண்டியைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போகாதவள் நான்.

3. 'தேய்ந்துவிட்டது' என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தேன். காப்பாளர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "தேஞ்சுபோச்சுன்னா சரிம்மா, தேஞ்சது எங்க போச்சு? பொருள்னா எங்கயாவது இருக்கணும் இல்ல?" என்றார். அவர் கேட்டதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, பாதி சாக்கடையில் போயிருக்கும், மீதி கஞ்சியோடு கஞ்சியாக நோயாளிகளின் வயிற்றில் போயிருக்கும் என்றேன். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பின்னர் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

4. சாக்கடை இரண்டு நாட்கள் தோண்டப்பட்டது. அதிலிருந்து நான்கு தேக்கரண்டிகள், ஒரு கொலுசின் பாதி, மேல்வரிசைப் பல்செட் ஒன்று ஆகியவை எடுக்கப்பட்டு, நிறுக்கப்பட்டு, உபரி என வரவு வைக்கப்பட்டன. அண்டா கிடைக்கவில்லை. அடியில் மின்னிய கரிய சகதியை நானே ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொண்டுபோய், இதில்தான் இருக்கிறது என்று கொடுத்தேன். சகதிக்குப் பதிவேட்டில் தலைப்பு இல்லை என்று காப்பாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

5. நோயாளிகளைப் பொறுத்தவரை, இருபத்திரண்டு ஆண்டுகளில் கஞ்சி குடித்துவிட்டு வீடு திரும்பியவர்களின் பட்டியல் கேட்டு மருத்துவப் பதிவுப் பிரிவுக்குக் கடிதம் போனது. அண்டாவின் மேற்பகுதிக் கஞ்சியைக் குடித்தவர்கள் வேண்டுமா, அடிக் கஞ்சியைக் குடித்தவர்கள் வேண்டுமா என்று அங்கிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இதற்கிடையில் உணவியல் அலுவலர் அம்மா தலையிட்டு, அங்கீகரிக்கப்பட்ட உணவுப் பட்டியலில் அலுமினியம் இல்லை, ஆகவே நோயாளிகள் அதை உட்கொண்டிருக்க வாய்ப்பில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டார். அத்துடன் முழு எடையும் மறுபடி என் தலையிலேயே வந்து விழுந்தது.

6. என் ஓய்வு நாள் வந்தது. சக பணியாளர்கள் வாங்கி வைத்திருந்த மாலையைப் போட்டார்கள். போட்ட மாலையோடு கையொப்பம் வாங்கப் போனபோது, குறையும் எடை நேராகும்வரை பாக்கியில்லாச் சான்று தர இயலாது என்றும், அதுவரை நான் வழக்கமான பணியைத் தொடர வேண்டும் என்றும் காப்பாளர் தெரிவித்தார். என் வழக்கமான பணி அண்டாவைத் துலக்குவது. துலக்கினால் அண்டா மேலும் தேயும். இதை அவரிடம் பணிவாக எடுத்துச் சொன்னேன். அவர் வாரந்தோறும் எடை பார்க்க ஏற்பாடு செய்தார். நான்காம் வாரம், 'குறைவு 1 கிலோ 370 கிராமாக அதிகரித்துள்ளது, தங்கள் போக்கு கவலையளிக்கிறது' என்று அடுத்த குறிப்பாணை வந்தது.

7. தலைமைச் சமையற்காரர் என் நிலையைப் பார்த்து மனம் கேட்காமல் ஒரு யோசனை சொன்னார். "துலக்காம விடுக்கா. கரி ஏறட்டும். தராசுக்குக் கரியும் எடைதான்" என்றார். பத்தொன்பது நாட்கள் உள்ளே மட்டும் அலசிவிட்டு வெளிப்புறத்தைத் தொடாமல் விட்டேன். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம், கை அரித்துக்கொண்டே இருந்தது. கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி அண்டா 310 கிராம் கூடியது. காப்பாளர் மிகவும் மகிழ்ந்து, 'காணாமற்போனது படிப்படியாகத் திரும்பி வருவது பாராட்டுக்குரியது' என்று எழுதித் தந்தார். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். நான்கு நாட்கள் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

8. ஐந்தாம் நாள் சுகாதார ஆய்வாளர் அம்மா வந்தார். அண்டாவை விரலால் தொட்டார், விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உடனடியாகத் துலக்காவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை என்று குறிப்பாணை கொடுத்துவிட்டுப் போனார். துலக்கக் கூடாது என்ற பொருளில் ஒரு தாளும், துலக்காமல் இருக்கக் கூடாது என்று ஒரு தாளும் என் கையில் இருந்தன. இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்துப் பார்த்தேன். பிறகு துலக்கினேன். கோபத்தில் கொஞ்சம் அழுத்தியே துலக்கிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏறிய 310 கிராமும் போனது, கூடவே இன்னும் 15 கிராமும் போனது. திரும்பி வந்த 310 கிராமை மீண்டும் தொலைத்ததற்குத் தனியே விளக்கம் கேட்கப்பட்டுள்ளது.

9. அந்த அழுத்தலில் அண்டாவின் அடியில் ஓட்டை விழுந்தது. விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி வளையும் நிலைக்கு அது வந்து வெகுநாளாயிற்று. கஞ்சி அடுப்பில் ஒழுகி, காலைப் பந்தி ஒன்றரை மணி நேரம் தாமதமானது. வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிப்போனோம். பட்டறைக்காரர் அண்டாவை வெளிச்சத்தில் பிடித்து, "அக்கா, இதுக்கு ஒட்டு வைக்கிறதுக்குப் பதிலா அந்த ஒட்டுக்கு ஒரு அண்டா வாங்கிடலாம்" என்றார். ஆயினும் நைந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, 280 கிராமில் நல்ல தடிமனான ஒட்டு வைத்துக் கொடுத்தார். எடை கூடியதே என்று நான் மகிழ்ச்சியோடு வந்தேன். ஒட்டு வேறு பொருள், அதை அண்டாவின் எடையில் சேர்க்க முடியாது என்று காப்பாளர் 'ஒட்டு ஒன்று' எனத் தனிவரியில் எழுதிக்கொண்டார். வெட்டி எடுத்த 40 கிராமைப் பட்டறையிலேயே விட்டு வந்ததற்கு இன்னொரு குறிப்பாணை. இன்றைய நிலவரப்படி குறைவு 1 கிலோ 425 கிராம்.

10. புதிய எஃகு அண்டா ஒன்று பதினொரு மாதங்களாகப் பண்டக அறையில் இருப்பதையும் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். அதை வாங்கும்போது அடி தடிமனாக இருக்க வேண்டும், பிடி ஆணி அடித்துத் தறையப்பட்டதாக இல்லாமல் பற்றவைத்ததாக இருக்க வேண்டும், தறைந்த இடத்தில் அழுக்கு ஏறினால் கடவுளாலும் எடுக்க முடியாது என்று சொன்னேன். அப்படியே வாங்கினார்கள், அதற்கு நன்றி. ஆனால் பழைய அண்டாவின் கணக்கு முடியாமல் புதியதை வெளியே எடுக்க முடியாதாம். காப்பாளர் என்னை அழைத்துப்போய்க் காட்டினார். உறை பிரிக்காமல் பளபளவென்று இருந்தது. "பாருங்கம்மா, வந்ததுலேர்ந்து ஒரு கிராம் குறையல. பாத்திரம்னா இப்படி வெச்சுக்கணும்" என்றார்.

11. அவர் கெட்டவர் அல்லர் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். கழுவுமிடத்துக் குழாய் ஒழுகுகிறது என்று எட்டு ஆண்டுகளாகச் சொல்லியும் நடக்காத வேலையை, வீணாகும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து நிறுத்துப் பார்த்துவிட்டு மறுநாளே முடித்துக் கொடுத்தவர் அவர்தான். எதுவும் குறையக் கூடாது என்று நினைக்கிறார். எனக்கும் அதுவே ஆசை.

12. நான் அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. வெளியூரில் இருக்கும் என் தங்கைக்கு இரண்டு மூட்டுகளிலும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். எனக்கு அவளையும் அவளுக்கு என்னையும் தவிர வேறு யாரும் இல்லை. என் ஓய்வு நாளை நம்பி முதல் தேதி வாங்கினோம், நான் போக முடியவில்லை. இரண்டாம் தேதி அண்டாவில் ஓட்டை விழுந்த வாரம் வந்தது. மருத்துவர் மூன்றாவதாக வரும் ஆறாம் தேதியைக் கொடுத்து, இதையும் தள்ளினால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஏன் வரவில்லை என்று தங்கை தொலைபேசியில் கேட்கிறாள். அண்டா இளைத்துவிட்டது, அதனால் விடமாட்டேன் என்கிறார்கள் என்றேன். "என்னப் பார்க்க வரப் பிடிக்கலன்னா நேரா சொல்லிடுக்கா, இப்படியெல்லாம் கதை கட்டாத" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள். அவளுக்குக் காட்டுவதற்காகவே குறிப்பாணைகள் அனைத்தையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

13. கடந்த திங்கட்கிழமை வாராந்திர எடைக்காக அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனேன். எடை பார்த்து முடிந்ததும் இறக்கி வைத்தேன். முழங்கால் வலித்தது. அருகில் நாற்காலி இல்லை. தராசின் மேடை தாழ்வாக இருந்ததால் அதில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். அனுமதியின்றி உட்கார்ந்தது என் தவறுதான். தராசு 42 கிலோ 600 கிராம் என்று காட்டியது. ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்கக் காப்பாளரால் முடியாது. எழுதினார். எழுதியதை எதனோடாவது ஒப்பிடாமல் இருக்கவும் அவரால் முடியாது. என் பணிப் பதிவேட்டை எடுத்து, வேலைக்குச் சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனைப் பக்கத்தைப் புரட்டினார். அதில் என் எடை 54 கிலோ. வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஒன்பதாவது குறிப்பாணை வந்தது. 'தங்களில் 11 கிலோ 400 கிராம் குறைவு காணப்படுகிறது. உரிய விளக்கம் அளிக்கவும்.' வழக்கமாகப் போடும் மூன்று நாள் கெடுவை இதில் அவர் போடவில்லை.

14. ஐயா, இத்தனை குறிப்பாணைகளுக்கும் நான் வெவ்வேறு பதில்கள் எழுதித் தாளை வீணடித்துவிட்டேன். அண்டாவில் குறைந்ததற்கும் என்னில் குறைந்ததற்கும் என் விளக்கம் ஒன்றுதான். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இருபத்திரண்டு ஆண்டுகள், நான் அதைத் துலக்கினேன். அது தேய்ந்தது, நானும் தேய்ந்தேன். தேய்ந்தது எங்கே போயிற்று என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காலையில் கஞ்சி குடித்துவிட்டு எழுந்து நடந்து வீட்டுக்குப் போனவர்களைத்தான் விசாரிக்க வேண்டும்.

15. ஆகவே அண்டாவைக் கணக்கிலிருந்து நீக்குவதா, இன்னொரு ஒட்டு வைப்பதா என்பதைத் தங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன். என்னில் குறையும் 11 கிலோ 400 கிராமை நான் திருப்பிக் கேட்கவில்லை. ஆறாம் தேதிக்கு முன்னதாக, இருக்கிற எடையோடு என்னை விடுவித்து அனுப்புமாறு இரு கரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: 27, காலைப் பந்தி முடிந்த பின்
இடம்: சமையற்கூடம், கழுவுமிடம்

இவ்வாறு வேண்டும்,
(கையொப்பம்)
பாத்திரம் துலக்கும் பணியாளர்,
42 கிலோ 600 கிராம்.