சார்ஜ் ஏறாத லேப்டாப்பும் அப்பாவும்

அன்புள்ள சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன், அதில் எவ்வளவு நிஜம் என்பது எனக்கே சரியாகத் தெரியவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அந்த முதுகு வலியை அலட்சியம் பண்ணாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. ஹோட்டல் சலவைப் பிரிவில் மத்தியானச் சாப்பாட்டு நேரம், படுக்கை விரிப்பு மடிக்கிற பெரிய மேஜையில் ஒரு ஓரத்தை ஒதுக்கிக்கொண்டு எழுதுகிறேன். வீட்டில் இருந்து போனில் இதெல்லாம் பேச முடியாது. உன் அப்பா எதிரில் வந்து உட்கார்ந்துவிடுவார், ஒரு வார்த்தை விடாமல் உதட்டிலேயே படித்துவிடுவார். முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினால், யாரிடம் என்ன ரகசியம் என்று சுற்றி வந்து முன்னால் நிற்பார். இந்த மனுஷனுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஒரு வார்த்தை பேசிவிட முடியுமா, உனக்குத்தான் தெரியுமே.

எல்லாம் அந்த நூல் மில் கொடுத்த வரம். உள்ளே போனால் மெஷின் இரைச்சலில் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது, அதனால் அங்கே எல்லாருக்கும் உதடுதான் பாஷை. நாலு வரிசை மெஷினுக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தமே இல்லாமல் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டவர் அவர், அவ்வளவு தூரத்தில் இருந்து நான் சொன்ன பதிலையும் பிழையில்லாமல் படித்தார். அப்புறம் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், மில்லை மூடிய வருஷம் சுத்தமாகப் போனபோதுகூட அவர் கவலைப்படவில்லை, காது எதற்கு, கண் இருக்கிறதே என்றார். நீ நாலு வயசில் சமையலறை வாசலில் நின்று வாயை மட்டும் அசைத்து “மேஸ்திரி வரார்” என்பாய், அவர் உடனே டீ டம்ளரை மறைத்துவிட்டு விறைத்து நிற்பார், நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். அப்பா வேஷம் போடுகிறார் என்று நினைத்திருப்பாய். வேஷம் இல்லை, முப்பது வருஷப் பழக்கம், உடம்பு தானாக எழுந்துவிடும். அதனால்தான் நீ பயிற்சிக்கென்று ஊரை விட்டுக் கிளம்பும்போது உன் லேப்டாப்பை இங்கேயே வைத்துவிட்டுப் போனாய், என் பட்டன் போனில் அவர் உன்னிடம் என்ன பேச முடியும். ஞாயிற்றுக்கிழமை பெரிய திரையில் உன் முகம் வரும், அவர் உதட்டைப் படிப்பார், நான் பின்னால் நின்று குறுக்கே பேசுவேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் சனிக்கிழமையே சவரம் பண்ணிக்கொள்வார்.

இப்போது ஐந்து வாரமாக அந்த லேப்டாப் என் உயிரை வாங்குகிறது. நீ போனில் சொன்னபடி ஒன்று விடாமல் செய்துவிட்டேன். வயரைப் பிடுங்கி மறுபடி போட்டேன். பேட்டரியைக் கழற்றி, பொத்தானை முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடித்தேன், எண்ணிக்கை மறந்து ஐம்பது வரை போய்விட்டது, பரவாயில்லை என்றாய். வேறு பிளக்கில் போட்டேன், பழைய துணியால் அந்த ஊசித் துளையைத் துடைத்தேன். நீ கேட்ட சின்ன விளக்கு எரியவில்லை, எரியவே இல்லை. திரையில் மூலையில் இருக்கும் பேட்டரிப் படத்தில் நாலு சதவீதம், அப்புறம் மூன்று, நீ வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கறுப்பு. கடைசித் தடவை நீ ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய், திறந்த வாயோடு போய்விட்டாய். அரை மணி நேரம் அந்தக் கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதில் என் முகம்தான் தெரிந்தது.

ரிப்பேர் கடைக்கு மூன்று தடவை தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு பஸ் மாறி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு. அங்கே இருப்பவரை நான் பூதக்கண்ணாடிக்காரர் என்று சொல்வேன், எதை நீட்டினாலும் முதலில் லென்சை மாட்டிக்கொள்வார். நம் சார்ஜரையே போட்டார், விளக்கு பளிச்சென்று எரிந்தது. இரண்டு மணி நேரத்தில் நூறு சதவீதம். அம்மா, இதற்கு ஒன்றும் இல்லை, உங்கள் வீட்டுக் கரண்டில்தான் கோளாறு என்றார். வயர்மேனைக் கூப்பிட்டேன். அவர் டெஸ்டரைச் சொருகி, பல்பு மாட்டிப் பார்த்து, பிளக் தங்கம் மாதிரி இருக்கிறது, கோளாறு லேப்டாப்பில்தான் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். இவர் அவரைச் சொல்ல, அவர் இவரைச் சொல்ல, நடுவில் நான் பந்து மாதிரி உருண்டேன். கடையில் ஏறுகிற சார்ஜ் வீட்டில் ஏறவில்லை, வீட்டில் நாலு நாள் கிடந்தால் இருப்பதும் வடிந்துவிடுகிறது. அப்பாவைக் கேட்டேன். வீட்டில் வயர், ஸ்க்ரூ, பிளக் எல்லாம் அவர் இலாகா, மில்லில் ஃபிட்டராக இருந்தவர், என்னைத் தொடவே விட மாட்டார். அவர்தான் ஒவ்வொரு தடவையும் வயரைச் சுருட்டிப் பையில் வைத்துக் கொடுப்பார், திரும்பி வந்ததும் அவரே எடுத்து மாட்டுவார். பழைய மெஷின், விடு என்றார். அவ்வளவுதான்.

சொல்ல வந்ததே வேறு. போன தடவை போனில் நீ அழுதாய், எனக்குத் தெரியாது என்று நினைக்காதே, மூக்கை உறிஞ்சினால் ஜலதோஷமா அழுகையா என்று எனக்குத் தெரியும். அப்பா என் முகத்தையே பார்ப்பதில்லை, நான் பேசும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், பயிற்சியை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கொண்டதில் இருந்து அப்படித்தான் என்றாய். நானும் கவனித்தேன். நீ இந்தப் பக்கம் இருந்தால் அவர் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னிடமும் அதே திமிர், சாப்பிடும்போதுகூட என் தோளைப் பார்த்துத்தான் பதில். வயசு ஆக ஆக வீம்பா என்று கன்னாபின்னாவென்று திட்டினேன். பெற்ற பெண் தூரத்தில் தனியாகக் கிடந்து உழைக்கிறாள், அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினால் குறைந்தா போவீர்கள் என்று கேட்டேன். எழுந்து போய்க் குழாயைத் திறந்து கை கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். அவரிடம் எப்படிப் பேசுவது, உன்னை எப்படிச் சமாதானம் பண்ணுவது, எனக்கு ஒன்றும் ஓடவில்லை சிட்டு. மணி அடிக்கிறது, விரிப்பு வண்டி வந்துவிட்டது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

நாளைக்கு என்று சொல்லி நாலு நாள் ஆகிவிட்டது. இப்போது வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று வேலைக்கு நடுவில் நீராவி இஸ்திரி மெஷின் நின்றுபோய், எங்களை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்து உள்ளே வந்தேன், அவருக்குக் கேட்காது அல்லவா, அவர் பாட்டுக்கு மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்த வயருக்கு நடுவில் செங்கல் மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறதே, சுவரில் இருந்து வருகிற வயர் அதற்குள் போய்ச் சொருகும் இடம், அதை மடியில் வைத்து விரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்து அந்த வயரை மெதுவாக, ஒரு நெல்மணி அளவுக்கு வெளியே இழுத்தார். பிடுங்கவில்லை. பார்த்தால் மாட்டியிருக்கிற மாதிரியே இருக்கும், உள்ளே ஒட்டாது. இழுத்துவிட்டுப் பெட்டியை மேஜைக் காலுக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார். இத்தனை நாளும் நான் சுவர்ப் பக்கம் பார்த்தேன், லேப்டாப் பக்கம் பார்த்தேன், வயர்மேன் சுவரைப் பார்த்தார், நடுவில் ஒரு இணைப்பு இருப்பது யாருக்கும் தோன்றவில்லை. கடைக்குப் போகும்போது அவர் கழற்றிச் சுருட்டிவிடுவார், அங்கே பூதக்கண்ணாடிக்காரர் அழுத்தி மாட்டுவார், எரியும்.

எனக்கு வந்த கோபத்தில் கத்தப் போனேன், கத்தி என்ன பிரயோஜனம். அவர் தலையைத் தூக்கி வாசல் பக்கம் நேராக என்னைப் பார்த்தார். நேராகப் பார்த்தார், ஆனால் முகத்தில் திடுக்கிடலே இல்லை, கையும் களவுமாக மாட்டிக்கொண்ட மனுஷன் முகமா அது. என்னவோ தோன்றி, நான் நின்ற இடத்தில் இருந்தே வாயை அசைத்து “மேஸ்திரி வரார்” என்றேன். அவர் எழுந்து விறைக்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, என் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு, சிரித்து, “வந்துட்டியா, டீ போடட்டுமா” என்றார்.

என் உதடு அவருக்குத் தெரியவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்து, ஒரு சாண் தூரத்தில் வைத்து மெல்ல மெல்லக் கேட்டேன், பாதி புரிந்தது, பாதியை உள்ளங்கையில் எழுதினேன். அப்புறம்தான் சொன்னார். “நடுவுல ஒரு கறை மாதிரி இருக்கு. சுத்தி இருக்கறது தெரியுது, நேரா பாக்கறதுதான் தெரியல. அவ பின்னாடி இருக்கற ஜன்னல் தெரியுது, திரைச்சீலை தெரியுது. அவ முகம் இருக்கற எடத்துல ஒண்ணும் இல்ல.” எட்டு மாசமாம். முதலில் பேப்பர் எழுத்து போனது, அப்புறம் என் உதடு, என்னைப் பழக்கத்தில் சமாளித்துவிட்டார், நான் எந்நேரம் என்ன கேட்பேன் என்று தெரியாதா. உன்னைச் சமாளிக்க முடியவில்லை. நீ என்ன பேசுகிறாய் என்று தெரியாமல் தலையாட்டி, எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரியாமல் தவித்து, கடைசியில் சார்ஜ் தீர்ந்தால் போதும் என்று இந்த வேலை பார்த்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றேன். “சொன்னா பாதியில விட்டுட்டு ஓடி வந்துடுவா. நீயும் சொல்லிடாத” என்றார். பயிற்சி முடிய பதினொரு மாசம் இருக்கிறது, நடுவில் விட்டால் சான்றிதழ் கிடையாது என்று நீ என்றைக்கோ சொன்னது அவர் மனதில் அப்படியே இருக்கிறது.

சொல்ல மாட்டேன் என்று வாயால் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

லேப்டாப்பை மூன்று தடவை இரண்டு பஸ் மாறி மடியில் தூக்கிக்கொண்டு போனவள் நான், அவரை ஒரு தடவைகூடக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. இதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது. புதன்கிழமைக்குக் கண் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கியிருக்கிறேன், வர மாட்டேன் என்கிறார், இழுத்துக்கொண்டு போவேன். அவர்கள் என்ன சொல்வார்களோ, சரியாகுமோ, இருப்பதையாவது காப்பாற்றுவார்களோ, ஒன்றும் தெரியவில்லை. உன்னை வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வராதே என்று சொல்லவும் மனசு வரவில்லை. பெரியவள் நான்தான், ஒரு வழி சொல்ல வேண்டியவள், நட்ட நடுவில் நிற்கிறேன். நீயே யோசி, ஆனால் அவசரப்பட்டு டிக்கெட் எடுக்காதே, புதன்கிழமை கழிந்ததும் போன் பண்ணுகிறேன். வீட்டில் இருந்தே பண்ணுகிறேன், அவர் எதிரில் உட்கார்ந்தே எல்லாம் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைக்கூட இப்போது அவருக்கு எதிரில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஹோட்டல் துணிக் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கண்ணில் படாமல் எழுத வேண்டும் என்று ஹோட்டல் மேஜையைத் தேடிப் போன என்னை என்ன சொல்ல.

மழை வந்தால் அந்தத் தோல் செருப்பைப் போடாதே, வழுக்கும். தலைக்கு எண்ணெய் வை. எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் எந்நேரமும் உன் கூடவே இருக்கும், எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு.

ஒன்று மறக்காதே. கறுப்புப் பெட்டியில் வயரை அழுத்தி மாட்டிவிட்டேன், இதோ நூறு சதவீதம் காட்டுகிறது. கடிதம் கைக்கு வந்த பின் வருகிற ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கூப்பிடு, ஜன்னலுக்கு எதிரில் வெளிச்சத்தில் உட்கார், உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. அவர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வார், அதற்கு நீ அழக் கூடாது. நேராகப் பார்த்தால்தான் அவருக்கு நீ தெரிய மாட்டாய். அவர் முகத்தைத் திருப்பினால், உன்னைப் பார்க்கத்தான் திருப்புகிறார் என்று அர்த்தம்.

இப்படிக்கு,
உன் அம்மா