கடிகார வெளிச்சம்

மேதாவிக் கணவருக்கு,

நம் ஆய்வகச் சோதனையில் ஒளித்துகள் ஜோடிகளின் பிணைப்பு, அளவீட்டைக் குழப்பும் வெளி வெளிச்சத்தின் இரைச்சலில் அழிந்துவிட்டதாக அறிக்கை எழுதிவிட்டுப் போனீர்களே, அது அழியவில்லை. இருட்டறையில் உங்கள் மணிக்கட்டில் பச்சையாக மினுக்கிய கடிகாரம்தான் பாதி இரைச்சல். கழற்றச் சொன்னதற்கு, "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றீர்கள்.

மிச்ச வெளிச்சத்தை வடிகட்டி, ஒரே கணத்தில் சேர்ந்து வந்த ஜோடிகளை மட்டும் பொறுக்கினேன். பிணைப்பு பளிச்சென்று தெரிந்தது.

"எல்லாம் செத்துப்போச்சு, இனி இதுல ஒண்ணுமில்ல." ஆய்வகத்தில் சொன்ன அதே வாக்கியத்தை வீட்டிலும் சொல்லித்தான் பெட்டியைக் கட்டினீர்கள்.

இப்போது என் சோதனை வென்ற செய்தி கேள்விப்பட்டு, "வீட்டுக்குத் திரும்பி வந்துடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வீட்டில் வடிகட்டும் வேலையே இருக்கவில்லை. நீங்கள் போனதும் இரைச்சல் தானாக நின்றுவிட்டது.

இப்படிக்கு,
இருட்டில் ஒழுங்காக அளக்கத் தெரிந்தவள்