இரண்டு பொட்டலக் கோதுமை

பக்கத்து அறையில் பீகார்க்காரர்கள் ரொட்டி சுடுகிறார்கள். மாவு கருகும் வாசனை பனியன் சரிபார்க்கும் என் செக்கிங் மேசை வரை வருகிறது. அதற்கு ஏன் உன் நினைவு வருகிறதென்று தெரியவில்லை. நீ சப்பாத்தியை விரும்பிச் சாப்பிட்டவள்கூட இல்லை.

வேளாண்மைக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம். நான் கல்யாணமாகி இந்தப் பனியன் கம்பெனிக்கு வந்தேன். நீ நீலகிரியில் கோதுமைப் பயிரின் துரு நோயை ஆராயப் போனாய். ஒருமுறை உன் வயலுக்கு வந்தேன். ஒரு வரிசை முழுக்கத் துரு. தொட்ட விரலில் செம்பொடி ஒட்டியது. நீயோ சிரித்தாய்.

"நோவு வாங்கறதுக்குன்னே போட்டது புள்ள. இது பக்கத்துக்குப் பரவோணும். அப்பத்தான் எது தாங்குதுன்னு தெரியும்."

"எங்க கம்பெனியில டேமேஜ் பீஸைத் தூக்கி வெளிய போடுவோம். நீ வளத்தற."

ஆப்பிரிக்காவில் புதுத் துரு ஒன்று கிளம்பியிருந்த காலம் அது. அது தங்கள் வயல்களுக்கு வருவதற்கு முன்பே பல நாட்டவர் விதைகளைக் கென்யாவுக்கு அனுப்பி, அந்த நோயிலேயே நட்டுச் சோதித்தார்கள். நீ உருவாக்கிய ரகமும் போயிருந்தது. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை.

"நம்ம விதையை வாங்கீட்டுப் போயி நமக்கே விப்பாங்க, பாரு."

"விக்கட்டும். நோவு விசா வாங்கிட்டா வருது? காத்துல வருது."

கோவை ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது, ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். நீ, "கென்யாவுல இருந்து பதில் வந்துச்சா?" என்றாய். யாருக்கு உடம்பு சரியில்லை என்று எனக்கே குழம்பிப்போனது. கிளம்பும்போது கையில் இரண்டு சிறு பொட்டலங்களைத் திணித்தாய். "ஒண்ணு என்னுது, ஒண்ணு நோவு தாங்காதது. சேத்தே போடு."

பதில் வந்தபோது நீ இல்லை. உன்னோடு வேலை செய்தவர் போனில் சொன்னார்: "தாங்கிடுச்சுங்க. ஆனா இனி வேற ரகத்தோட கலப்பாங்க, பேரும் மாறிடும்." நல்ல செய்திதான். யாரிடம் போய்ச் சொல்வது?

மார்கழியில் இரண்டையும் மாடியில் ஒரே தொட்டியில் விதைத்தேன். முளைத்ததும் அடையாளத்துக்கு உன்னுடையதற்குச் சிவப்பு நூலும் மற்றதற்குப் பச்சை நூலும் கட்டினேன். திருப்பூர் நூல்தான், வெயிலில் இரண்டும் வெளுத்துவிட்டன. இந்த மாடிக்குத் துருவும் வரவில்லை. இரண்டும் ஒன்றுபோலவே மெலிந்த கதிர் விட்டன. எது உன்னுடையது என்று நின்று பார்க்கிறேன், தெரியவில்லை. அடுத்த மார்கழிக்கு இரண்டின் விதையையும் எடுத்து வைத்திருக்கிறேன்.