முன்னூறு வயதுத் தட்டு

மார்ச் 3
பதினோரு தட்டுகளுக்கு நீலம் தீட்டி முடித்தேன். மதியம் பட்டறை முதலாளி ஹாஜி மெக்கி வந்தார். "பத்தூல், பெரிய தட்டு ஒண்ணு வேணும். முன்னூறு வருசம் பழசு. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள." சிரிக்காமல்தான் சொன்னார்.

மார்ச் 12
என் கையில் இதுவரை வந்ததிலேயே நல்ல தட்டு இதுதான். சூளையிலிருந்து எடுத்ததும் ஹாஜி அரத்தால் விளிம்பைத் தேய்த்துச் சிதைத்தார், தேநீரில் ஊறப்போட்டார், சாம்பலில் புரட்டினார்.

மார்ச் 14
பணக்காரர் ஒருவர் திறக்கப்போகும் காட்சிக்கூடத்துக்காக நிபுணர் ஸுஹைர் பூதக்கண்ணாடியோடு வந்தார். "ஃபெஸ் நகரம் முழுக்கத் தேடினேன் ஹாஜி! இந்தக் கை இன்னிக்கு எவனுக்கு இருக்கு? ஆசான்யா, ஆசான்!" ஹாஜி கண்ணைத் துடைத்துக்கொண்டார் — நிஜக் கண்ணீர். நான் புதினாத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "சர்க்கரை பத்தலம்மா." ஆசானிடம் நிபுணர் பேசியது அவ்வளவுதான்.

ஏப்ரல் 20
காட்சிக்கூடத்துக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டு. கீழே: 'பெயர் தெரியாத ஆசான்.' காவலாளி அதட்டினான்: "தள்ளி நில்லுங்கம்மா, மூச்சுக்காத்து பட்டாலே கெட்டுடும்." வீட்டுக்கு வந்தும் நெஞ்சு ஆறல. பேரு தெரியாதாமே! யாராவது கேட்டீங்களாடா?

ஏப்ரல் 22
ஸுஹைரிடம் உண்மையைச் சொன்னேன். சிரித்தார். கொண்டுபோயிருந்த வெள்ளைத் தட்டில் அதே நட்சத்திரத்தை, அதே கொடியை அவர் கண்முன்னே போட்டேன். வெகுநேரம் பார்த்தார். "நல்ல நகல்தான். ஆனா உயிர் இல்ல பாருங்க." பூதக்கண்ணாடியை அவசரமாகப் பைக்குள் போட்டுக்கொண்டார். பொய் சொல்கிறாரா, நம்பியே விட்டாரா?

ஏப்ரல் 23
ஹாஜிக்குச் செய்தி எட்டிவிட்டது. "பதினெட்டு வருசம் ரொட்டி போட்டவன் வாயில மண்ணப் போட்டுட்டியே!"
"மண்ணுதானே ஹாஜி நம்ம தொழிலே?"
வேலை போயிற்று.

ஏப்ரல் 24
படுத்தே கிடந்தேன். வாய் சும்மா இருந்திருக்கலாமோ?

ஜூன் 10
நாத்தனார் வீட்டு முற்றத்தில் சின்னச் சூளை. ஆலிவ் கொட்டை எரித்து நேற்று முதன்முதலாகச் சுட்டேன். மூன்று தட்டில் விரிசல், மற்றதெல்லாம் சுத்தம். இன்று ஓர் அம்மாள் வந்து ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"பழசா, புதுசா?"
"நேத்து சுட்டது."
"அப்ப சரி. மக கல்யாணத்துல குஸ்குஸ் பரிமாறணும். பழசுன்னா எவன் எச்சில் பண்ணினதோ!"
பன்னிரண்டு கேட்டிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் ஐந்து தீட்டிவிட்டேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது.