வயிற்றுப் பட்டையும் சித்தப்பாவின் எடையும்

பைல் நாடு, கொல்லிமலை
9.2.2025

அன்பு மகள் கோகிலவாணிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் மெல்போர்ன் வெயிலில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு உன் அம்மா நலம், கறவை மாடு நலம், மிளகும் இவ்வாண்டு கொடிக்குக் கொடி நன்றாகப் பிடித்திருக்கிறது. என் நலத்தை நீ என்னிடம் கேட்காமல் உன் சித்தப்பாவிடம் கேட்டு அறிந்துகொள்வதால், அதை மட்டும் தனியே எழுத வேண்டியிருக்கிறது. தாளில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. கைப்பேசியில் அனுப்பினால் அடுத்த நிமிடமே அது உன் சித்தப்பன் அர்த்தனாரியின் கைக்குப் போய்விடும்.

சென்ற மார்ச்சில் நானும் அவனும் ஒரே வாரத்தில் சேலத்தில் எடை குறைய அறுவை சிகிச்சை செய்துகொண்டோம். எந்த உறுப்பையும் வெட்டாத முறை வேண்டும் என்று மூன்று மாதம் படித்துப் பார்த்துவிட்டு, நான் இரைப்பையின் மேற்பகுதியில் நீர் நிரப்பி இறுக்கும் பட்டை பொருத்திக்கொண்டேன். அவன் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை, இரைப்பையை வெட்டிக் குறைக்கலாம் என்று மருத்துவர் சொன்னார், படுத்துக்கொண்டான். இன்று அவன் நூற்றுப் பதினேழு கிலோவிலிருந்து எண்பத்தொன்றுக்கு வந்துவிட்டான், நான் நூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்று மூன்றில் நிற்கிறேன். செம்மேட்டில் பஸ்ஸுக்கு நின்றால், ஏனுங்க வாத்தியாரே, உங்க தம்பி புதுமாப்பிள்ளையாட்டம் ஆயிட்டாருங்க, நீங்க எப்பங்க ஆபரேசன் பண்ணிக்கப் போறீங்க என்று கேட்கிறார்கள். எனக்கு அவன்மீது பொறாமைதான். அவனுக்குக் கொத்துக்கொத்தாக முடி கொட்டுகிறது, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறான் என்று உன் அம்மா சொன்ன நாளில் என் மனம் இலேசாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அவன் இழந்த முப்பத்தாறு கிலோவையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். ஞாயிறுதோறும் நீ முதலில் அவனை அழைத்துவிட்டுப் பிறகு என்னை அழைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் திருட்டுத்தனமாகத் தின்கிறேன் என்பது உன் குற்றச்சாட்டு. பட்டை போட்ட வயிற்றின் நடப்பை நீயும் தெரிந்துகொள். காலையில் அது இறுகிக் கிடக்கும், தண்ணீர்கூட மடக்கு மடக்காகத்தான் இறங்கும். இட்லி அடைக்கும், சோறு அடைக்கும், கறி நெஞ்சில் கல்லாக நிற்கும். மாலையில் சற்று இளகும்போது, நொறுக்கிவிடலாம் என்பதால், முறுக்கு மட்டும் தடையின்றி இறங்கும். மூன்று வேளையும் பாதித் தட்டோடு எழுந்தவன் மாலையில் இரண்டு முறுக்கு தின்றதை உன் அம்மா பார்த்தாள், உனக்குச் சொன்னாள், நீ சித்தப்பாவுக்குச் சொன்னாய். சோற்றை வாந்தியெடுத்த நாட்களை யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

இந்தத் தை மாதத்தில் அர்த்தனாரி வீட்டில் புதுக்கேழ்வரகு அரைத்துக் களி கிண்டினார்கள். நம்மவர்கள் களியை மெல்ல மாட்டார்கள், உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவார்கள் என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு வாயையும் முப்பது முறை மெல்ல வேண்டும் என்பது எனக்கு மருத்துவர் இட்ட கட்டளை. சுண்டைக்காயளவு கிள்ளி மென்றுகொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு உன் பொன்னாயிச் சித்தி, மாமா களியப் போயி பாக்கு மெல்லறாப்புல மெல்லறாருங்க என்று சிரித்தாள். அர்த்தனாரி இரண்டே சிறு உருண்டை விழுங்கி, போதுங்கண்ணா, எனக்கு ரொம்பிப் போச்சு என்று பெரிய துறவி போலக் கை கழுவினான். அவன் கைப்பேசியில் வீடியோ அழைப்பில் நீ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்பா, சித்தப்பாவப் பாத்துக் கத்துக்கங்க என்றாய். அத்தனை பேர் நடுவில், அவன் கையிலிருந்த உன் முகம் சொன்னது. நான் ஒரு முழு உருண்டையை எடுத்து மெல்லாமல் விழுங்கினேன். அது என் தவறு, வேறு எவர்மீதும் சுமத்தவில்லை. பட்டையில் போய் அது சிக்கிக்கொண்டது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் நுரையும் எச்சிலுமாகத் துப்பிக்கொண்டு நின்றேன். முதுகைத் தடவிக்கொண்டு உடன் நின்றவனும் அவன்தான், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் நீ அவனுக்கு அனுப்பிய செய்தியைக் கொண்டுவந்து காட்டினான். அப்பாவைக் கூட்டிப்போய்ப் பட்டையை எடுத்துவிட்டு, உங்களுக்குச் செய்ததையே செய்துவிடுங்கள், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். என் வயிற்றை என்ன செய்வது என்று நீங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டீர்கள். பாப்பா சொன்னாச் சரியாத்தானுங்கண்ணா இருக்கும் என்றான்.

செவ்வாய்க்கிழமை தனியாகவே பஸ் ஏறிச் சேலம் போனேன். பட்டை அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது, களி சிக்கியதில் உள்ளே வீக்கமும் கண்டிருக்கிறது என்றார் மருத்துவர். பட்டையோடு குழாயால் இணைத்துத் தோலுக்கடியில் வைத்திருக்கும் சிறு மூடியில் ஊசி குத்திப் பட்டைக்குள் இருந்த நீரைக் கொஞ்சம் எடுத்தார். அங்கேயே ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார், ஒரே மூச்சில் இறங்கியது. பதினோரு மாதத்தில் அதுவே முதல் முறை, கண் கலங்கிவிட்டது. பட்டையில் எடை மெதுவாகத்தான் குறையும், தம்பியோடு ஒப்பிட வேண்டாம் என்றும் சொன்னார். வீக்கம் வடிந்ததும் பட்டையை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று நானே சொல்ல வேண்டும். ஆறு மாதம் வைத்துப் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். அதன்பிறகும் முடியாவிட்டால் எடுத்துவிடச் சொல்வேன். அர்த்தனாரிக்குச் செய்ததை எனக்குச் செய்ய வேண்டாம். இப்போது கஞ்சியும் மோரும்தான் ஆகாரம், அம்மா சாமைக் கஞ்சியை வடிகட்டித் தருகிறாள்.

நீ நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடுவதாக அம்மா சொன்னாள். உட்கார்ந்து சாப்பிடு கண்ணு, வெயிலில் தண்ணீர் நிறையக் குடி. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். கோபத்தோடு எழுதினாலும் நீங்கள் இருவரும் எக்குறையும் இன்றி வாழ வேண்டும் என்றே தினமும் அறப்பளீசுவரரை வேண்டுகிறேன்.

பிப்ரவரி 22, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவர் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார். உங்கள் ஊரில் அப்போது பிற்பகல் மூன்றரை. அந்நேரம் என்னை அழை. நான் எடுக்காவிட்டால், மறுபடியும் என்னையே அழை.

உன் அப்பா,
செ. ராசு